நம்மவர்களுக்கு வைத்த குறடு

என் முன்னால் யாரும் கொட்டாவி விடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பேரன் பேத்திகள் வேண்டுமென்றே வந்து முகத்துக்கு நேரே வாயைப் பிளந்துவிட்டு ஓடும். நான் சுளிப்பதைப் பார்த்து அதுகளுக்குச் சிரிப்பு. ஆச்சாரக்காரி என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆச்சாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பதினைந்து வருஷம் ஊரார் வாய்க்குள் பார்த்த கண் இது. பார்த்ததை மறக்கமாட்டேன் என்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரு பல் டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டேன். வீட்டின் முன் அறைதான் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் குடித்தனம். வாசலில் தொங்கிய போர்டை சினிமா தட்டி எழுதுகிறவர் வரைந்திருந்தார். முகம் இல்லாமல் இரண்டு வரிசைப் பல் மட்டும் ரத்தச் சிவப்பு ஈறோடு சிரிக்கும். ஜன்னலில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, ஒரு காலத்தில் அதில் மிட்டாய் இருந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் தான் பிடுங்கிய பற்களை அதில் போட்டு வைத்திருந்தார். கறை பிடித்தது, சொத்தை விழுந்தது, வேரில் சதை காய்ந்து ஒட்டியது, எல்லாம் உண்டு. அவருடைய கைராசிக்கு அதுதான் சாட்சியாம். கல்யாணமாகி வந்த வாரமே அந்த ஜாடியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். அன்று மத்தியானம் இலையில் இருந்த சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் எனக்குப் பல்லாகத் தெரிந்தது. சாப்பிடாமல் இலையை மூடிவிட்டேன்.

அவர் காலேஜில் படித்த டாக்டர் இல்லை. மதுரையில் ஒருவரிடம் எட்டு வருஷம் கூடவே இருந்து தொழில் பழகி, பிறகு முறைப்படி பதிவு செய்துகொண்டவர். கை வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ‘ஆ’ என்று திறந்தவர் ‘ஐயோ’ என்று மூடுவதற்குள் பல் தட்டில் கிடக்கும். குறையெல்லாம் பிடுங்குவதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

வீட்டுக்குள் அவரைப் போல எச்சில் பார்க்கிற மனுஷனை நான் கண்டதில்லை. தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். செம்பு உதட்டில் பட்டுவிட்டால் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். குழம்புக் கரண்டி அவர் இலையில் லேசாக இடித்துவிட்டால் அந்தக் கரண்டி அன்றைக்கு மறுபடி சட்டிக்குள் போகக்கூடாது. குழந்தை கடித்த முறுக்கை நான் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அதே மனுஷன் கை கழுவிவிட்டுத் திரையைத் தாண்டி முன் அறைக்குப் போவார். அங்கே ஒருவர் வாயில் விட்ட சின்னக் கண்ணாடியை எடுத்து, பக்கத்தில் இருக்கும் தம்ளர் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தோளில் கிடக்கும் துண்டில் துடைத்து, அடுத்தவர் வாயில் விடுவார். காலையில் வைத்த அந்தத் தம்ளர் தண்ணீர் உச்சிவேளைக்குள் கழுநீர் மாதிரி ஆகிவிடும். மேலே மெல்லிய ஒரு நூல் மாதிரிக் கோழை மிதக்கும். துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைத் துவைக்கிறவள் நான்தான். வெற்றிலைச் சாறும் ரத்தமும் காய்ந்து விறைத்துப்போய் இருக்கும். தண்ணீரில் போட்டதும் அதிலிருந்து எழும் வாடை, ஊசிப்போன மீனும் கிராம்புத் தைலமும் சேர்ந்த மாதிரி, மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வருஷமே கேட்டுவிட்டேன். இத்தனை எச்சில் பார்க்கிறவர் இதை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“நம்ம ஆளுகதானட்டி. அவுகளுக்கு என்ன அழுக்கு?”

இந்த ஒரு வார்த்தையில் அவருடைய வைத்திய சாஸ்திரம் மொத்தமும் அடக்கம். அதை விளக்க வேண்டுமென்றால் இரண்டு டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று வெள்ளி மாதிரிப் பளபளக்கும் டப்பா. பட்டணத்தில் இருந்து வரவழைத்தது. அதற்குள் புதுக் குறடுகள், ஊசி போடும் கண்ணாடிக் குழல், இரண்டு ஊசிகள். இன்னொன்று கறுத்த தகர டப்பா. அதில் அவருடைய குரு கொடுத்த பழைய குறடுகள், முலாம் உரிந்து, பிடி தேய்ந்து கிடக்கும். அதற்கும் தனிக் குழல், தனி ஊசி. வெள்ளி டப்பா நம்மவர்களுக்கு, அதாவது கோயிலைச் சார்ந்தவர்கள், நிலம் உள்ளவர்கள், கடைக்காரர்கள், உத்தியோகஸ்தர்களுக்கு. கறுப்பு டப்பா பின்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு. மேலகரத்து வயல்களில் நடவு நடுகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் எல்லாம் அந்த வழிதான். தீண்டாமை கூடாது என்று சட்டம் வந்திருந்த காலம் அது. தான் யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அது உண்மைதான், டப்பாதான் வேறு.

கறுப்பு டப்பாவைத் தொட்டால் ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கொதிக்க வைக்க வேண்டும். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில், தளதளவென்று இருபது நிமிஷம். பிறகு கிருமியைக் கொல்லுகிற கார்பாலிக் தண்ணீர். பிறகு அதையும் வடித்துவிட்டு மூடி போட்டு வைக்க வேண்டும், கை படக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே நிற்பார். ஒரு நிமிஷம் குறைய விடமாட்டார். குரு சொல்லிக் கொடுத்த பாடத்தில் ஒரு எழுத்துக்கூட அவருக்கு மறக்கவில்லை. அதை யாருக்குச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவராக முடிவு செய்துகொண்டார். வெள்ளி டப்பாவுக்குக் காலையில் ஒரு முறை வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும், அது குளித்த மாதிரி. அடிக்கடி கொதிக்க வைத்தால் முலாம் போய்விடுமாம்.

இதில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் எனக்கு அருவருப்பு கறுப்பு டப்பா மேல்தான். அதைக் கொதிக்க வைத்துவிட்டுத் தலை முழுகுவேன். நாள் முழுவதும் பத்துப் பேர் வாய்க்குள் போய் வந்த வெள்ளி டப்பாக் குறட்டைத் துடைத்துவிட்டு அதே கையால் தயிர் கடைவேன்.

சாரல் காலம் வந்தால் ஆஸ்பத்திரி குற்றாலத்துக்குப் போய்விடும். ஆனி பிறந்ததும் பேரருவிக்குப் போகிற பாதையில் ஓர் அறையும் பின்னால் ஒரு தாழ்வாரமும் பிடித்து, நாற்காலியையும் காலால் மிதிக்கிற துளை மிஷினையும் மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு, அருவித் தண்ணீர் மண்டையில் விழுந்த மறுநாளே சொத்தைப் பல் விண்விண் என்று தெறிக்கும். ஈர வேட்டியோடு வந்து உட்காருவார்கள். பெண்கள் வந்தால் தலையைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போவார். எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து நாற்காலியின் தலையணை ஒரு விரல் கனத்துக்குப் பிசுக்கு ஏறிப்போய் இருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும்.

குற்றாலத்தில் வெள்ளி டப்பாவுக்கு அந்தக் காலை வெந்நீரும் நின்றுவிடும். அருவித் தண்ணீர் இருக்கும்போது வெந்நீர் எதற்கு? மலை மேல் ஆயிரம் மூலிகையைத் தடவிக்கொண்டு வருகிற தண்ணீர், அதைக் கொதிக்க வைத்தால் குணம் போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் மட்டும் அல்ல, நாற்காலியில் உட்காருகிறவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். அருவித் தண்ணியில அலசிட்டுப் போடுங்க டாக்டர் என்று அவர்களே கேட்பார்கள். ஸ்பிரிட் வாடை அவர்களுக்குப் பிடிக்காது.

அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அருவிக்கு நேர் கீழே கூட்டத்துக்குள் குடத்தை நீட்ட முடியுமா? பாலத்துக்குப் பக்கம், தண்ணீர் தேங்கி ஓடுகிற இடத்தில்தான் மொண்டு வருவோம். மேலே ஆயிரம் பேர் தேய்த்துக் குளித்த எண்ணெயும் சீயக்காயும், அவர்கள் துப்பியதும் சிந்தியதும், குரங்கு கடித்துப் போட்ட பழத்தோலும் அதில்தான் வரும். குடத்தை இறக்கி வைத்தால் மேலே வானவில் நிறத்தில் ஆடை படியும். அதைக் கையால் ஒதுக்கிவிட்டு எனாமல் தட்டில் ஊற்றுவேன். குறடும் ஊசியும் அதில் அலசப்பட்டு அடுத்த வாய்க்குத் தயாராகும். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான்.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம், என் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. வீரகேரளம்புதூரில் இருந்து அவளையும் கூட்டிக்கொண்டு ஆடி மாதம் என் அம்மாவும் அப்பாவும் குற்றாலம் வந்தார்கள். இரண்டு நாள் குளித்ததும் அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். மூத்த மாப்பிள்ளையே பல் டாக்டர், வேறு எங்கே போவது?

அன்று காலை அவளுக்கு முன்னால் நாற்காலியில் இருந்தவர் வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வியாபாரி. புகையிலை போடுகிறவர். ஈறு முழுவதும் புரையோடி, விரலால் அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் எட்டிப் பார்த்தது. அவர் வாயைத் திறந்ததும் தாழ்வாரத்துப் பக்கம் நின்ற என் வரைக்கும் நாற்றம் வந்தது. ஊசி போட்டு, இரண்டு பல்லைப் பிடுங்கி, அவர் துப்பியதெல்லாம் படிக்கத்தில் கிடக்க, குறடும் ஊசியும் அருவித் தண்ணீர்த் தட்டுக்குள் விழுந்தன. தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது.

பின் தாழ்வாரத்தில் மேலகரத்து நடவுக்காரி ஒருத்தி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்காகக் கறுப்பு டப்பாவைக் கொதிக்க வைத்து அப்போதுதான் இறக்கி, நாற்காலிக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூடி இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது.

தங்கை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாய் சின்ன வாய், பல் வரிசை அப்படிச் சுத்தமாக இருக்கும். அவர் தட்டுக்குள் கையை விட்டு ஊசியை எடுத்தார். நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, அதை இரண்டு விரலால் வழித்துவிட்டார். எனக்கு உடம்பு கூசியது. அதுவரை ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்கு என் கூடப்பிறந்தவள் வாய் என்பதால் கூசியது. ஒரு கையை எடுத்துக் கறுப்பு டப்பாப் பக்கம் நீட்டினேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை, ஆவி பறக்கிறது, சுத்தமாக இருக்கும் என்று கை தானாகப் போனது.

அம்மா வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அது யாருக்கு உள்ளது?” என்றாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். தங்கை தலையை மறுபடி பிடித்துக்கொண்டேன், இறுக்கமாகவே. ஊசி இறங்கியது.

மூன்றாம் நாள் அவள் தாடை பந்து மாதிரி வீங்கியது. ஐந்தாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. கஞ்சியைப் பல் இடுக்கில் ஊற்றினால் பாதி வெளியே வழிந்தது. வழிந்ததில் சீழும் கலந்திருந்தது. உடம்புச் சூடு என்று என் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். ஏழாம் நாள் அவள் மூச்சு விடவே திணறியதும் வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே தாடைக்குக் கீழே கிழித்துக் குழாய் வைத்தார்கள். கிழித்ததும் வந்த நாற்றத்துக்கு நர்ஸ் அம்மாவே மூக்கை மூடிக்கொண்டார். அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. ஆடி மாதக் காலையில் ஒரு வியாபாரி வாய் திறந்தபோது வந்த அதே நாற்றம். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் போகட்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஊசியைக் கொதிக்க வைத்தீர்களா என்று கேட்டார்.

“இருபது நிமிஷம் கொதிக்க வச்சது சார். இவதான் கூட நின்னு வைப்பா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பொய் இல்லையே, கொதிக்க வைத்தேனே! எந்த டப்பாவை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு அந்தத் தலையாட்டலை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வருகிறது.

தங்கை பிழைத்தாள். தாடைக்குக் கீழே பூரான் ஊர்ந்த மாதிரி ஒரு தழும்பு. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. பெண்ணுக்கு வாய் திறக்கவில்லையாம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய், ஆவணிக் கல்யாணம் நின்றது. பிறகு வந்த வரன்களும் தழும்பைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். நான்காவது வரனுக்குப் பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள்.

அதே காலையில் கறுப்பு டப்பா ஊசியைப் போட்டுக்கொண்ட மேலகரத்துக்காரி, நாங்கள் திருநெல்வேலியில் இருந்து திரும்பிய வாரம் பின்வாசலில் வந்து நின்றாள். வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். பல் இருந்த இடம் ரோஜா நிறத்தில் அழகாக மூடியிருந்தது.

“மறுநாளே சோறு தின்னுட்டேன் ஆச்சி. அய்யா கைக்கு என்ன கொறை” என்றாள்.

நான் கொல்லைக்குப் போய்க் கறுப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

அன்று இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரிந்தது. வீட்டில் சண்டை போட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய வீட்டு ஆட்கள் கண் முன்னால் குறட்டைக் கொதிக்க வைத்தால், நம்மை என்ன ஜாதி என்று நினைத்தாய் என்று எழுந்து போய்விடுவார்கள் என்றார். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் வெள்ளி டப்பாவை முழுவதும் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஒரு குறட்டில் முலாம் பொரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சரிதான், தங்கை தாடையைவிட முலாம் பெரிது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். சாரலுக்குச் சாரல் குற்றாலம் போனோம். தட்டில் தண்ணீர் ஊற்றினேன். எத்தனை பேர் ஊருக்குத் திரும்பிப் போய்த் தாடை வீங்கிக் கிடந்தார்களோ, அருவியில் குளித்தது சேரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் அவருக்கே கடைவாய்ப் பல் பிடித்துக்கொண்டது. கிராம்புத் தைலம் வைத்தார், உப்பு வைத்தார், இரண்டு நாள் ஒருவரோடும் பேசாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு செங்கோட்டையில் தொழில் செய்யும் இன்னொரு பல் டாக்டரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பழைய சிநேகிதர் என்பதால் அவர் வெறுங்கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அன்று வேலைக்கு விடுமுறை. முன் அறையில் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு நோயாளி இல்லை.

தன் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். செங்கோட்டைக்காரர் சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்து, வெள்ளி டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தார். நான் தலையைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் அந்த டப்பாவை ஒரு கணம் பார்த்தார். முந்தின நாள் மத்தியானம் அதில் இருந்த ஊசி யார் வாயில் இருந்தது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

“அது வேண்டாம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“ஏட்டி, கொல்லையில இருக்கில்லா, அந்த டப்பாவைக் கொதிக்க வச்சி எடுத்துட்டு வா.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத் தெரிந்துகொண்டது இல்லை, முதல் நாளில் இருந்தே தெரிந்திருக்கிறது. என் தங்கை வாயில் அந்த ஊசியை இறக்கினபோதும் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர் தலையைத் தொடவே பிடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

“அது யாருக்கு உள்ளது?” என்று கேட்டேன்.

செங்கோட்டைக்காரர் ஒன்றும் புரியாமல் ஜன்னலில் இருந்த பல் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொல்லைக்குப் போய் அடுப்பை மூட்டினேன். கறுப்பு டப்பாவைச் சட்டியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக இருபது நிமிஷம் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். பல்லை எடுத்துவிட்டு அவர்கள் காப்பி குடிக்கும்போது, மேஜை மேல் கிடந்த வெள்ளி டப்பாவை எடுத்துப்போய் அதே தண்ணீரில் போட்டேன். முலாம் பொரியப் பொரியக் கொதித்தது. அதன் பிறகு அந்த வீட்டில் கொதிக்காத குறடு யார் வாய்க்குள்ளும் போகவில்லை. பெரிய வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள், போகட்டும் என்று விட்டேன். சாவி அதற்குப் பிறகு என்னிடம்தான் இருந்தது.

மூன்று நாளில் அவருக்குப் புண் ஆறிவிட்டது. நான்காம் நாள் சீடை கேட்டார்.

அத்தானுக்குப் பல் எடுத்த சேதி கேள்விப்பட்டு என் தங்கை வீரகேரளம்புதூரில் இருந்து பார்க்க வந்தாள். பல் எடுத்தவர் மெல்ல முடியாதே என்று, தான் தினமும் சாப்பிடுகிற மாதிரிச் சோற்றைக் குழைய வடித்து, தூக்குச் சட்டியில் கொண்டு வந்திருந்தாள். முன் அறையில் அவர் சீடை கடிக்கிற சத்தம் கேட்டது.

“அத்தானுக்கு அதுக்குள்ள ஆறிட்டா அக்கா?” என்று கேட்டாள். கேட்கும்போது அவள் வாய் அந்த இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

“ஆறிட்டு” என்றேன்.

எந்த டப்பாவால் ஆறியது என்று சொல்லவில்லை. அவள் நாற்காலியில் இருந்தபோது என் கை எதன் பக்கம் போய்த் திரும்பி வந்தது என்றும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு லைப்ரரிப் புத்தகம்தான் பொழுதுபோக்கு, கையில் கிடைக்கிற எதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பாள். நான் எழுதுகிற இதையும் வாசிப்பாள்.